கியூபெக் பாலம்: அளந்தும் அஞ்சாத வளைவு

அமுக்கம் தாங்கும் மெலிந்த தூண், நொறுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைந்து நிலைகுலையும். அதற்கான சுமை வரம்பை 1744-இல் வகுத்த ஆய்லர் கருதியது ஒற்றைத் திண்மத் தூணை. கனடாவின் கியூபெக் பாலத்தில் அமுக்கம் தாங்கிய கீழ் உறுப்புகளோ, நான்கு எஃகு விலாக்களைப் பின்னல் பட்டைகளால் பிணைத்தவை. நடுவீச்சு 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டப்பட்டபோது, பாலத்தின் தன்னெடை திருத்திக் கணிக்கப்படவில்லை.

1907 ஆகஸ்டு 27-இல் ஓர் உறுப்பின் வளைவு இரண்டேகால் அங்குலம். ஒரு வாரத்துக்கு முன் அது முக்கால் அங்குலமே. பொருத்துவதற்கு முன்பே இருந்த வளைவு என்ற வாதம் எழுந்தது, பணி தொடர்ந்தது. 29-ஆம் நாள் மாலை பாலம் சரிந்து 75 தொழிலாளர் மாண்டனர். கீழ் உறுப்புகளின் வடிவமைப்புக் குறையே காரணம் என்றது அரச விசாரணைக் குழு. சூத்திரம் பொய்க்கவில்லை, வலுவற்ற பட்டைகள் பிணைத்த நான்கையும் ஒரே தூணாக நம்பியதே பிழை.