மாகஸ்தோட்டை ஏற்றமும் இரண்டு குதிரைவலுவும்

நுவரெலியாவின் ஏப்ரல் வசந்த காலம் என்றதும் பலருக்குக் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நினைவில் எழும். என் மனம் செல்வது மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து ஏற்றப் பாதைக்கு. 1934 ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய மலையேற்றப் போட்டியையே இலங்கையின் மிகப் பழைய மோட்டார் பந்தயம் என்பர்.

பந்தயப் பிரியர்களிடையே ஓயாத வாதம் ஒன்றுண்டு. எஞ்சினின் வலுவில் ஆல்டர்னேட்டர் எவ்வளவைத் தின்கிறது? கணக்கு எளிது. 14 வோல்ட்டில் 60 ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டரின் மின்திறன் 840 வாட். சுருள்களின் சூடு, பெல்ட்டின் உராய்வு, விசிறி என்று இழப்புகள் போக, அது வாங்குவதில் 60 விழுக்காடளவே மின்சாரமாகிறது. ஆகவே எஞ்சினிடமிருந்து அது பெறுவது 1,400 வாட். ஏறத்தாழ இரண்டு குதிரைவலு. மின்தேவை குறைந்தால் இந்த இழுப்பும் குறையும். விளக்குகள் அணைந்த பந்தய வண்டி 20 ஆம்பியரோடு நிறைவடையுமானால், ஒரு குதிரைவலுகூடச் செலவாகாது.

இவ்வளவு சிறிய தொகைக்காகவா இத்தனை வாதம்? நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் 100 குதிரைவலு தரும் எஞ்சின், டர்போ இல்லையேல், இங்கு 80 ஐ ஒட்டியே தரும். மலைக்காற்று பறிப்பது இருபது. ஆல்டர்னேட்டர் பறிப்பது இரண்டு. ஆயினும் காற்றை மாற்ற இயலாது, பெல்ட்டைக் கழற்றலாம்!

முப்பதுகளின் பந்தய வண்டிகள் பலவற்றுக்கு இந்தக் கவலையே இல்லை. மேக்னெட்டோ தானே மின்பொறி தந்தது, டைனமோ தேவைப்படவில்லை. இன்றும் மலையேற்றத்துக்கு பேட்டரி மட்டுமே போதும். 20 ஆம்பியர் வீதம் இரண்டு நிமிடம் ஓடினாலும் செலவு ஓர் ஆம்பியர்-மணிக்கும் குறைவு. ஆனால் மின்னழுத்தம் 14 இலிருந்து 12.5 வோல்ட்டுக்கு இறங்கினால் எரிபொருள் பம்ப் தளரும், பொறியும் மங்கும். மிச்சம் பிடித்த வலு அவ்வழியே போய்விடுவதும் உண்டு. நீண்ட சுற்றுப் பந்தயத்தில் இந்தச் சிக்கனம் எனக்கு உவப்பானதன்று.

அந்த 840 வாட்டை நான் வேறொரு கணக்கிலும் பார்ப்பதுண்டு. 40 வாட் பல்புகள் இருபத்தொன்றை அது எரிக்கும். இருபது அறைகள் கொண்ட லயனில் அறைக்கொரு விளக்கு, வாசலுக்கு ஒன்று.

மலையகத்துக்கு மின்சாரம் புதிதன்று. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே, பிளாக்பூலில், பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர அமைத்த சிறு நீர்மின் நிலையம் 1912 இலேயே நகருக்கு ஒளி தந்தது. ஹட்டனை அடுத்த லக்சபான 1950 இல் இயங்கத் தொடங்கியது. தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் ஓடைநீரே இயந்திரங்களைச் சுழற்றியது. அவற்றின் அருகே, அதே தோட்டங்களின் பெரும்பாலான லயன்களில், அதன் பின்னும் பல பத்தாண்டுகள் குப்பிலாம்பே எரிந்தது.