வளைவில் காரைச் சாயாமல் பிடிக்கும் கம்பி... ஸ்வே பார் என்ன செய்யுது தெரியுமா?

கொல்லிமலைக்கு காரில் போனவங்களுக்கு அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள் மறக்காது. ஒவ்வொரு திருப்பத்திலும் பின் சீட்ல இருக்கவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்வாங்க. கார் பாடியும் அப்படித்தான், வளைவின் வெளிப்பக்கம் சாயும். இந்தச் சாய்வுக்குப் பெயர் பாடி ரோல். இதைக் கட்டுப்படுத்தத்தான் காருக்கு அடியில் ஸ்வே பார் இருக்கு. ஆன்டி-ரோல் பார், ஸ்டெபிலைஸர் பார்னு சொல்றதும் இதைத்தான்.

எப்படி வேலை செய்யுது?

'ப' வடிவத்தில் வளைத்த ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி இது. நடுப்பகுதி ரப்பர் புஷ் வழியா காரின் அடிப்பாகத்தோடு சேர்ந்திருக்கும். இரண்டு முனைகளும் லிங்க் ராட் மூலம் இடது, வலது சஸ்பென்ஷனோடு இணைஞ்சிருக்கும்.

நீங்க இடது பக்கம் திரும்பினா, கார் வலது பக்கம் சாயும். வலது சஸ்பென்ஷன் அமுங்கும், இடது சஸ்பென்ஷன் விரியும். அப்போ ஈரத்துணியைப் பிழியற மாதிரி கம்பி முறுக்கிக்கும். பழைய நிலைக்குத் திரும்ப அது காட்டும் எதிர்ப்புதான் சாய்வைக் குறைக்குது.

ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் ஒண்ணா ஏறினா கம்பி முறுக்காது, புஷ்ஷுக்குள் சுழலும், அவ்வளவுதான். அதனால் ஸ்பிரிங்கை ரொம்ப இறுக்கமாக்காமலே, வளைவில் சாய்வைக் குறைக்க முடியுது.

தடிமனா மாத்தலாமா?

20 மி.மீ கம்பிக்குப் பதிலா 22 மி.மீ போட்டா, வெறும் 2 மி.மீ வித்தியாசம்தானேன்னு தோணும். ஆனா, முறுக்கு விறைப்பு சுமார் 46 சதவிகிதம் கூடிடும். அப்புறம் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலே, குலுக்கல் அடுத்த பக்கத்துக்கும் போகும்.

முன்பக்கம் மட்டும் விறைப்பைக் கூட்டினா, ஸ்டீயரிங்கைத் திருப்பின அளவுக்கு கார் திரும்பாது. இது அண்டர்ஸ்டீயர். பின்பக்கம் மட்டும் கூட்டினா, காரின் பின்பகுதி வெளியே இழுக்கும். இது ஓவர்ஸ்டீயர். ஈரமான ரோட்டில் இது ரொம்பவே ஆபத்து. கம்பெனி கொடுத்த அளவை மாத்தாம இருப்பதே நல்லது.

ஆஃப்-ரோடில் கதையே வேற. சக்கரங்கள் தனித்தனியா ஏறி இறங்கணும். அதனாலதான் ஜீப் ராங்லர் ரூபிகானில் முன்பக்க ஸ்வே பாரை ஒரு பட்டனில் விடுவிக்கும் வசதி இருக்கு.

சாயலைன்னா கவிழாதா?

இங்கேதான் பலரும் தப்புக் கணக்கு போடறாங்க. வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு எவ்வளவு எடை மாறும் என்பதை முக்கியமா முடிவு செய்வது வேகம், காரின் உயரம், அகலம். ஸ்வே பார் இதில் பெருசா எதையும் மாத்தாது. 1997-ல் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று, குறுக்கே வரும் விலங்கைத் தவிர்ப்பது மாதிரி திடீர்னு திருப்பிச் சோதிச்சப்போ மெர்சிடிஸ் பென்ஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. அப்புறம் அந்த நிறுவனம் சஸ்பென்ஷனை மாத்தி, இஎஸ்பி என்ற எலெக்ட்ரானிக் கன்ட்ரோலையும் எல்லா ஏ-கிளாஸ் கார்களுக்கும் கொடுத்தது.

உயரமான எஸ்யூவி வெச்சிருக்கவங்க இதைக் கவனிக்கணும். ரூஃப் கேரியரில் பெட்டிகளை அடுக்கினா, கவிழும் வாய்ப்பு இன்னும் கூடும். கனமான லக்கேஜை டிக்கியில் கீழே வைங்க.

எப்போ செக் பண்ணணும்?

சின்னப் பள்ளங்களில் மெதுவா போகும்போது 'டக் டக்'னு சத்தம் வந்தா, லிங்க் ராடோ புஷ்ஷோ தேய்ஞ்சிருக்கலாம். வழக்கத்தைவிட கார் அதிகமா சாயுதுன்னா, லிங்க் ராட் உடைஞ்சிருக்கவும் வாய்ப்பிருக்கு. மலை டிரிப்புக்கு முன்னாடி சர்வீஸ் விடும்போது, ஆயில், பிரேக்கோடு இதையும் பார்க்கச் சொல்லுங்க.