இருபத்தெட்டாம் நாள் ரத்தம்

மலேரியா மருந்து வேலை செய்ததா என்று கேட்டால் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். காய்ச்சல் விட்டது என்பது ஒன்று. கிருமி செத்தது என்பது மற்றொன்று. தோட்டத்துக் கூலிக்காரருக்கு முதல் பதிலே போதும், மறுநாள் வேலைக்குப் போய்விடுவார். மருந்தைச் சோதிக்கிறவருக்கு இரண்டாவது பதில் கிடைத்தாக வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கக் கற்றுக்கொள்ள மருத்துவத்துக்கு நூறாண்டு பிடித்தது. இந்தியாவில் அந்தக் கதை திரும்பிய இடம், 1973-ல் அசாமின் கார்பி மலைப்பகுதி. ஆனால் முதல் அளவுகோல் அதற்கு நூறாண்டு முன்பே சென்னை மாகாணத்தில் எடுக்கப்பட்டது.

மார்க்கம் என்ற ஆங்கிலேயரின் முயற்சியில் தென்னமெரிக்காவிலிருந்து, காய்ச்சல் மருந்துப் பட்டை தரும் சின்கோனா மரம் கொண்டுவரப்பட்டது; அதை நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தவர் மெக்கைவர். அங்கே செழித்தது சிவப்புப் பட்டை இனம். அதில் குயினைன், அதாவது நம் பாட்டன்மார் சொன்ன கொய்னா, குறைவு. குயினிடின், சின்கோனிடின், சின்கோனின் என்ற மூன்று சகோதரச் சத்துகளோடு சேர்ந்துதான் அது இருந்தது. கொய்னா மட்டுமே மருந்து என்றால் நீலகிரித் தோட்டம் வீண். மற்ற மூன்றும் காய்ச்சலை அடக்குமென்றால் அரசுக்குப் பெரும் லாபம். ஆகவே 1866-ல் மூன்று மாகாணங்களிலும் குழுக்கள் அமைக்கப்பட்டன. புதிய மூன்று சத்துகளைக் கொண்டு 2,472 முறைக்காய்ச்சல் நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்கப்பட்டது. 2,445 பேர் குணமடைந்தனர், 27 பேருக்குப் பலிக்கவில்லை. சென்னைக் கணக்கில் ஆயிரம் பேருக்குத் தோல்வி கொய்னாவில் 7, குயினிடினில் 6, சின்கோனிடினில் 10, சின்கோனினில் 23.

அந்தக் காலத்துக்கு இது அபாரமான வேலை. மருத்துவர்கள் தத்தம் அனுபவத்தை மட்டுமே சாட்சியாக வைத்துப் பேசிய நாளில், நான்கு மருந்துகளை ஒரே தட்டில் வைத்து நிறுத்து, தோல்வியையும் மறைக்காமல் எண்ணி எழுதியிருக்கிறார்கள். குறை ஒன்றே ஒன்றுதான். அவர்கள் எண்ணியது காய்ச்சலை. கிருமியை எண்ண வழியில்லை. லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் அல்ஜீரியாவில் அதை முதன்முதலில் நுண்ணோக்கியில் கண்டதே 1880-ல்தான். குளிரும் நடுக்கமும் நின்றவர் குணமானவராகப் பதிவானார். மூன்று வாரம் கழித்து அவருக்கு மறுபடி நடுக்கம் வந்திருந்தால், அது பழைய கிருமியா, புதிதாகக் கடித்த கொசு கொண்டுவந்ததா என்று சொல்ல எவராலும் முடிந்திருக்காது.

இதே ஆண்டுகளில் நடந்த மற்றொரு கதையை விட்டுச் செல்வது நியாயமில்லை. பொலிவியாவின் அய்மாரா இனத்தவரான மானுவேல் இங்க்ரா மாமனி, சார்ல்ஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வணிகருக்காகச் சின்கோனா விதை சேகரித்தவர். எந்த மரத்துப் பட்டையில் சத்து அதிகம் என்று அவர் கண்ணால் பார்த்தே சொல்வார். பூக்கும் காலத்தில் பனி விழுந்து காய்கள் கருகியதால், நல்ல விதைக்காக நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். 1865-ல் அந்த விதை லண்டன் போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷ் அரசு வேண்டாம் என்றது. டச்சுக்காரர் ஒரு பவுண்டு எடை விதையைச் சொற்ப விலைக்கு வாங்கி ஜாவாவில் நட்டனர். 1930-களில் உலகக் கொய்னாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவிலிருந்தே வந்தது. மாமனியோ விதை கடத்தியதற்காகச் சிறையில் அடிபட்டு 1871-ல் இறந்தார். இந்தக் கதையில் வரும் மனிதர்களில் சிலை வைக்கத் தகுந்தவர் ஒருவர் உண்டென்றால் அது மாமனிதான். லண்டனில் அந்த விதையைத் திருப்பி அனுப்பிய அதிகாரிகளின் சோம்பலுக்கு விலை கொடுத்தது இந்தியக் கிராமங்கள். நம் தோட்டங்களில் நின்ற சிவப்புப் பட்டை மரங்கள் அந்தப் போட்டியில் நிற்கவில்லை. வால்பாறைக்கு மேலே சின்கோனா என்ற ஊரின் பெயர் மட்டும் இன்றும் இருக்கிறது; அங்கே இப்போது தேயிலை.

கொய்னா தேவைப்பட்ட இடங்களில் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்குச் சரிவும் ஒன்று. 1887 முதல் 1895 வரை பெரியாற்று அணை எழும்பியபோது, மதுரைச் சீமையிலிருந்து போன தொழிலாளர்களை யானையும் வெள்ளமும் கொன்றதைவிட நோயே அதிகம் கொன்றது. மலையோடைகளில் பெருகும் அனாபிலஸ் ஃபுளூவியாட்டிலிஸ் கொசு, மனித ரத்தத்தை விரும்பிக் குடிப்பது. காட்டை வெட்டித் திறந்து, குடிசைகளை ஓடையோரம் போட்டால் அதற்கு வேறென்ன வேண்டும். கோடையில் காய்ச்சல் உச்சத்துக்குப் போகும்போது வேலையே நின்றது. அணைப்பணியின் வரலாற்றை 1899-ல் எழுதிய பொறியாளர் மெக்கென்ஸி, சாராயம் மட்டும் இல்லாதிருந்தால் அணை முடிந்திருக்காது என்ற கருத்தைப் பதிந்திருக்கிறார். ஈரத்திலும் குளிரிலும் நின்றவர்களுக்கு அது தெம்பு தந்திருக்கலாம். கிருமியை அது தொடவே தொடாது. அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்குத் தேனி மாவட்டம் பொங்கல் வைக்கிறது, லோயர் கேம்பில் மணிமண்டபம் கட்டியிருக்கிறது. அந்த நன்றி முற்றிலும் நியாயமானது. அணையோரம் புதைந்த கூலிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

அணை திறந்து இரண்டே ஆண்டில், 1897-ல், ரொனால்ட் ராஸ் நீலகிரியின் சீகூர் மலைப்பாதையில் தங்கி மலேரியாவை ஆராயப் போய், தானே காய்ச்சலில் விழுந்து கொய்னா உண்டு எழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார். அதன் பிறகு ரத்தச் சோதனை எல்லா இடத்துக்கும் வந்தது. 1910-ல் பிரேசிலில் கொய்னா போதவில்லை என்று ஆர்தர் நெய்வா எழுதினார். உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1934-ல் ஜெர்மனியின் பேயர் ஆய்வகத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் குளோரோகுயினை உருவாக்கினார். 1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் கொய்னா வரத்து நின்றது, செயற்கை மருந்தின் காலம் பிறந்தது. குளோரோகுயின் மலிவு, கைக்குழந்தைக்கும் தரலாம். கிருமி சிவப்பணுவுக்குள் இருந்துகொண்டு ஹீமோகுளோபினைத் தின்கிறது. மிஞ்சும் ஹீம் அதற்கே நஞ்சு. அதைப் படிகமாக்கி ஒதுக்கிவிட்டுத்தான் பிழைக்கிறது. குளோரோகுயின் அந்தப் படிகம் உருவாகாமல் தடுக்கிறது. தன் எச்சிலே நஞ்சாகிக் கிருமி சாகிறது.

மருந்தும் டிடிடி பூச்சிக்கொல்லியும் சேர்ந்து செய்த வேலை பெரிது. ஆண்டுக்கு ஏழரைக் கோடி நோயாளிகள், எட்டு லட்சம் சாவு என்றிருந்த இந்தியாவில் 1961-ல் பதிவான நோயாளிகள் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. 1965-ல் கேரளம் மலேரியா ஒழிந்த மாநிலமாயிற்று. அதே காலத்தில், நம் ஏலமலையைப் போன்ற உலகின் இன்னொரு ஏலமலையில் மருந்துக்கு எதிர்ப்பு முளைத்துக்கொண்டிருந்தது. கம்போடியாவின் கிரவான் மலைத்தொடருக்கு அந்நாட்டு மொழியில் ஏலக்காய் மலை என்றே பொருள். அதன் வடக்கு ஓரத்தில் ரத்தினக்கல் தோண்டும் பைலின் நகரம். 1957 வாக்கில் தாய்லாந்து–கம்போடிய எல்லையில் குளோரோகுயினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி வகை தென்பட்டது. பைலினில் மருந்தைச் சமையல் உப்பில் கலந்து கொடுத்தும் பார்த்தார்கள். உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். அரைகுறை அளவு மருந்தில் பலவீனமான கிருமி சாகும், தாங்கும் கிருமி பெருகும். நல்லெண்ணத்தோடு செய்த தவறுகளில் இதைவிடக் கேடானது குறைவு.

அங்கிருந்து அது மேற்கே நகர்ந்து, 1973-ல் கார்பி மலையில் பிடிபட்டது. சேகல் குழுவினர் அறிவித்த அந்தக் கண்டுபிடிப்பே இந்தியாவின் முதல் சான்று. இலங்கையில் 1984-ல் தெரிந்தது. இடையில் 1976-ல் இந்தியாவில் மலேரியா 64 லட்சம் பேரைத் தொட்டது. மறு ஆண்டே ஃபால்சிபாரத்துக்கென்று தனிக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று.

எதிர்ப்பை உறுதிசெய்யும் சோதனைகளில் மூத்தது நோயாளியையே பின்தொடர்வது. மோதிர விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, இன்னொரு சில்லின் மூலையால் வட்டமாகக் கலக்கி விடுவார்கள். பக்கத்தில் மற்றொரு சொட்டை மெல்லியதாக இழுப்பார்கள். ஜீம்சா சாயம் ஏறியபின் கிருமி நீல வளையமாகவும் அதில் ஒரு சிவப்புப் புள்ளியாகவும் தெரியும். 200 வெள்ளணுக்களைக் கடக்கும்வரை எத்தனை வளையங்கள் என்று எண்ணிக் கணக்குப் போடுவார்கள். மருந்து விழுங்குவதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்து, 1, 2, 3, 7, 14, 21, 28-ஆம் நாட்களில் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய வகைப்பாட்டில், மறைந்து பின் திரும்புவது முதல் நிலை எதிர்ப்பு. குறைந்தும் மறையாதது இரண்டாம் நிலை. அசையாதது மூன்றாம் நிலை. இன்று நூற்றுக்குப் பத்துப் பேரிடம் மருந்து தோற்றால் மருந்தையே மாற்ற வேண்டும்.

நோயாளியின் உடலில் பழைய நோய் எதிர்ப்பாற்றலும் சேர்ந்து வேலை செய்வதால், மருந்தை மட்டும் தனியே எடைபோட கிருமியை வெளியே வளர்க்க வேண்டியிருந்தது. 1976-ல் நியூயார்க்கில் ட்ரேகரும் ஜென்சனும் அதைச் சாதித்தனர். கிருமிக்கு ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு கூடுதலாகவும் வேண்டும். கண்ணாடிச் சாடிக்குள் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, அது தானாக அணையும் தறுவாயில் அடைத்துவிட்டால் தேவையான காற்று அமைந்துவிடுகிறது. நெடுங்காலம் எட்டாத கனி ஒரு மெழுகுவத்தியில் எட்டியது. 1978-ல் ரீக்மன், சிறு குழிகள் கொண்ட தட்டில் வெவ்வேறு அளவு மருந்தை முன்கூட்டியே உலர்த்தி வைத்து, விரல் ரத்தத்தை விட்டு ஒரு நாளில் பதில் சொல்லும் நுண்சோதனையைத் தந்தார். மருந்தற்ற குழியில் கிருமி பிளந்து பெருகும். எந்த அளவு மருந்தில் அது நிற்கிறது என்பதே விடை.

மூன்றாவது மரபணுச் சோதனை. குளோரோகுயினைக் கிருமியின் உள்ளறையிலிருந்து வெளியே இறைத்துவிடும் மாற்றம் பி.எஃப்.சி.ஆர்.டி. மரபணுவில் இருப்பது 2000-ல் தெரிந்தது. அதன் 76-ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கும். குளோரோகுயினுக்குப் பின் வந்த ஆர்ட்டிமிசினின் மருந்துக்கு எதிர்ப்பு 2009-ல் அதே பைலினிலிருந்து அறிவிக்கப்பட்டது. அதன் அடையாளமான கெல்ச்13 மாற்றம் 2014-ல் கண்டறியப்பட்டது. 28-ஆம் நாள் திரும்பிய கிருமி பழையதா புதியதா என்ற, 1866-ல் கேட்க முடியாத கேள்விக்கும் மரபணு ஒப்பீடே பதில் தருகிறது.

இந்தியா 2010-ல் எல்லா ஃபால்சிபாரம் நோயாளிக்கும் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்தைக் கொண்டுவந்தது. அதன் துணை மருந்து வடகிழக்கில் தோற்றதால் 2013-ல் அங்கே மட்டும் கூட்டு மாற்றப்பட்டது. மற்றொரு மலேரியாக் கிருமி வகையான வைவாக்ஸுக்கு இன்றும் குளோரோகுயின்தான், ஈரலில் உறங்கும் கிருமிக்குப் 14 நாள் பிரிமாகுயினும் சேர்த்து.

தமிழக–கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டில் இந்த வரலாறு இப்போது ஜீப்பில் ஏறி வருகிறது. விடியுமுன் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் மாலையில் இறங்கிவிடுகிறார்கள். தோட்டத்திலேயே தங்குபவர்களில் ஜார்க்கண்ட், அசாம், மத்தியப் பிரதேசக்காரர்கள் பலர். கேரளத்தில் இன்று பதிவாகும் மலேரியாவில் பெரும்பங்கு வெளியிலிருந்து உடலில் வருவது. அது எந்த மாநிலத்துக் கிருமியோ அந்த மாநிலத்து மருந்தெதிர்ப்பும் அதனோடு மலையேறுகிறது. இங்கே ஓடையும் கொசுவும் காத்திருக்கின்றன. ஆகவே காய்ச்சலோடு வரும் தொழிலாளியிடம் முதலில் கேட்க வேண்டியது, கடைசியாக ஊரிலிருந்து எப்போது வந்தாய் என்பது.

தடை 28-ஆம் நாளில் இருக்கிறது. மூன்றாம் நாளே அவருக்குக் காய்ச்சல் விட்டிருக்கும். நான்காவது வாரத்தில் அவர் வேறு தோட்டத்தில் இருக்கலாம், ஊருக்குப் போகும் ரயிலில் இருக்கலாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, நோயே இல்லாத உடம்போடு விரலை நீட்ட அவர் வர வேண்டும் என்று கேட்பது எளிதல்ல. அந்தக் கூலியை ஈடுசெய்வதும், கைப்பேசியில் அழைத்து அவர் மொழியில் பேச ஆள் வைப்பதும் சோதனையின் செலவுக்குள் சேர்ந்தவை. ஆய்வகக் கருவிக்கு இணையாக அவற்றுக்கும் பணம் ஒதுக்கப்பட வேண்டும். எடுத்த ரத்தத்தை வடிதாளில் ஒரு சொட்டு உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு உறையிலிட்டு அனுப்பினால் மரபணுச் சோதனைக்குப் போதும். அந்த உறையில், மருந்து தருமுன் எடுத்த ரத்தத்துக்கு 0 என்று எழுதிய தாளுக்குப் பக்கத்தில் 28 என்று எழுதிய தாளும் இருக்கும்போதுதான் கணக்கு முடிகிறது.