செப்பேடும் நோட்டும்

கொச்சி யூதர் வரலாற்றை ஜோசப் ரப்பான் பெற்ற செப்பேட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். எங்கள் துறையின் கையெழுத்து இதழில், கொல்லிமலை மாணவி ஒருத்தி ரூபி டேனியலிடமிருந்து தொடங்கியிருந்தாள். 1912இல் பிறந்த ரூபி, எர்ணாகுளம் புனித தெரசா கல்லூரியில் படித்தவர். இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றியவர். அடிமை வழிவந்தவர்கள் என்று பரதேசி ஜெபாலயத்தில் ஒதுக்கப்பட்ட குடும்பம் அவருடையது. 1951இல் இஸ்ரேலில் குடியேறினார். யூதப் பெண்கள் தலைமுறைகளாக நோட்டுகளில் எழுதிவைத்துப் பாடிய மலையாளப் பாடல்களை மொழிபெயர்த்தார். 1995இல் அவர் நினைவுகள் நூலாயின.

"எங்க அப்பாயி பாட்டையெல்லாம் யாரு மேடம் எழுதி வச்சிருக்கா?" என்று கேட்டாள் மாணவி. கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரியைப் பல ஆண்டுகள் பாடம் நடத்திய என்னிடம் பதில் இல்லை. அடுத்த இதழுக்காக, நோட்டோடு அவள் அப்பாயி வீட்டுக்கு மலையேறுகிறோம்.