நனைவதிலும் இரண்டு வகை

வேடந்தாங்கலில் ஏரி மரங்களின் மேல் சிறகை விரித்து நிற்கும் கறுத்த பறவைகளில் நீர்க்காகமும் இருக்கும், பாம்புத்தாராவும் இருக்கும். இரண்டும் மீனுக்காக முங்குபவை, நனைந்து வெளியே வருபவை. வாத்துக்கு இருப்பதுபோல் எண்ணெய்ச் சுரப்பி இல்லாததால்தான் நீர்க்காகம் நனைகிறது என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். அதன் வாலடியில் அந்தச் சுரப்பி நன்றாகவே இருக்கிறது. நீரைத் தடுப்பதில் எண்ணெய் துணைதான். பெரும்பங்கு இறகின் நெசவுக்கு.

இறகின் நடுத்தண்டிலிருந்து இருபுறமும் இழைகள் கிளைக்கின்றன. அவற்றிலிருந்து நுண்ணிழைகள், அவற்றில் கொக்கிகள். கொக்கிகள் பக்கத்து நுண்ணிழைகளைப் பற்றிக்கொள்ள, நெருக்கமான தகடு உருவாகிறது. இடுக்குகளில் காற்று தங்குவதால் துளி உள்ளே இறங்காது.

நீர்க்காகம் இதில் பாதியை மட்டும் விட்டுக்கொடுத்திருக்கிறது. அதன் உடல் இறகின் ஓரம் தளர்வானது, நனையும். நடுப்பகுதி இறுக்கமானது, நனையாது. ஓரம் நனைவதால் மிதப்பு குறைந்து முங்குவது எளிதாகிறது. ஆனாலும் தோலை ஒட்டி மெல்லிய காற்றடுக்கு மிஞ்சுகிறது. கிரீன்லாந்தின் குளிர்காலத்தில்கூடப் பெரிய நீர்க்காகம் மீன் பிடித்து வாழ்கிறது என்றால், அந்த மெல்லிய அடுக்குக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

பாம்புத்தாராவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, தோல்வரை நனைந்துவிடும். உடல் மூழ்கியிருக்க, கழுத்து மட்டும் வெளியே தெரிய நீந்தும். நீர்க்காகம்போல் மீனைத் துரத்துவதில்லை. நீருக்குள் மெல்ல நகர்ந்து, கூரிய அலகால் குத்தும். அந்த வேட்டைக்கு மிதப்பு இடைஞ்சல். ஆனால் உடல் வேகமாகக் குளிர்ந்துவிடும். வெதுவெதுப்பான நாடுகளை விட்டு அது விலகாததற்கு இது முக்கியக் காரணம்.

ஆகவே, மரத்தில் பார்க்கும்போது ஒன்றுபோலத் தெரியும் கோலத்துக்குப் பொருள் வேறு. நீர்க்காகம் முக்கியமாகச் சிறகைக் காயவைக்கிறது. பாம்புத்தாரா குளிரும் காய்கிறது. அமெரிக்கப் பாம்புத்தாரா, இறகு காய்ந்திருந்தாலும் குளிர்ந்த வேளையில் முதுகைச் சூரியனுக்குக் காட்டிச் சிறகை விரிப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

இரண்டில் நீர்க்காகத்தின் பாதி ஏற்பாடே கெட்டிக்காரத்தனம் என்பேன். பாவம், பாம்புத்தாராவுக்கு வெயில்தான் போர்வை. காலை வேளையில் அது சிறகு விரித்திருந்தால், படம் எடுக்க நெருங்கிப் போய் அதைக் கிளப்பிவிடாதீர்கள்.