ஓலாவ் மன்னனும் நோர்வேயின் மதமாற்றமும்

நோர்வேயைக் கிறிஸ்தவ நாடாக்கியவன் என்ற பெருமையை வரலாற்று மரபு பெரிதும் ஓலாவ் ஹரால்ட்சனுக்கே (ஆட்சிக்காலம் 1015-1028) வழங்கிவந்துள்ளது. நாட்டைவிட்டு ஓடநேர்ந்து, பின்னர் படையுடன் திரும்பிய அம்மன்னனை 1030ஆம் ஆண்டு யூலை 29ஆந் திகதி ஸ்திக்லஸ்தாட்டில் எதிர்த்துக் கொன்றோர் அவனது நாட்டுத் தலைவர்களும் குடியானவருமேயாவர். மறு ஆண்டு ஓகஸ்ட் மாதம் அதே நாட்டில் அவன் புனிதனாக அறிவிக்கப்பட்டான். இம்முரண்பாடு விளக்கத்தை வேண்டிநிற்கின்றது.

திருச்சபை எழுத்தாளருக்கு இதிற் சிக்கல் இருக்கவில்லை. புறச்சமயத்தார் கிறிஸ்தவ அரசனைக் கொன்றனர், அற்புதங்களைக் கண்டு மனந்திரும்பினர் என்பது அவர்தம் விளக்கம். ஆயின், ஓலாவை எதிர்த்து மடிந்த பெருந்தலைவன் ஏர்லிங் ஸ்க்யால்க்சனின் நினைவாக அவனுடைய குரு எழுப்பிய கற்சிலுவை ஸ்தவாங்கர் நகரில் இன்றும் உள்ளது. எதிரணிக்குத் துணைநின்ற கனூட் மன்னனோ 1027இல் உரோமாபுரிக்கு யாத்திரை சென்றவன். சமயப்பகை ஒன்றைக்கொண்டு இக்கூட்டணியை விளக்கவியலாது.

ஏறத்தாழ 200 ஆண்டுகளின் பின் ஐஸ்லாந்தில் ஸ்நோரி ஸ்டுர்லுசன் எழுதிய வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. வடபகுதியில் விளைச்சல் பொய்த்தபோது, தெற்கிலிருந்து தானியம் கொண்டுசெல்வதை ஓலாவ் தடைசெய்திருந்தான். அஸ்ப்யோர்ன் என்னும் வடபகுதி இளைஞன் தாய்மாமனாகிய ஏர்லிங்கிடம் வந்தான். அடிமைகள் நாட்டுச் சட்டத்துக்கு உட்படாதோர், ஆதலின் அவர்களிடம் தானியம் வாங்கலாம் என மாமன் வழிகாட்டினான். தந்திரம் நயமானதே. எனினும், திரும்பும் வழியில் அரசனின் அலுவலன் ஒருவன் தானியத்தைப் பறிமுதல் செய்தான். அவன் அடிமைவழி வந்தவன். அரசன் முன்னிலையிலேயே அவனை வெட்டிக்கொன்ற அஸ்ப்யோர்னும் பின்னர் கொல்லப்பட்டான். அஸ்ப்யோர்னுடைய தந்தையின் சகோதரனாகிய தோரிர் ஹுண்ட், ஸ்திக்லஸ்தாட்டில் எதிர்ப்படைத் தலைவருள் ஒருவன்.

கதையின் நுணுக்கங்களை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. தலைவர்களின் சினம், குலப்பெருமையற்ற அலுவலரைக்கொண்டு ஆளமுனைந்த மைய அரசின்மீது எழுந்ததென்பது அதிற் புலனாகின்றது. பழைய அமைப்பில் பலிவிருந்தை நடத்துபவனும் நிலத்தலைவனும் ஒருவனே. ஆயர் கிரிம்கெல்லின் துணையுடன் 1024இல் மொஸ்தர் பேரவையில் ஏற்கப்பட்டதாக மரபு கூறும் கிறிஸ்தவச் சட்டம், தலைவனின் அவ்விடத்தை அரசனைச் சார்ந்த குருமாருக்கு மாற்றிற்று.

ஓலாவின் இடத்தில் கனூட்டின் மகன் ஸ்வெயினும் தாய் அல்வீவாவும் ஆளவந்தனர். நத்தார்க் காலத்தில் முளைதானியம், இறைச்சி, வெண்ணெய் என வீடுதோறும் இறை விதிக்கப்பட்டதாக ஸ்நோரி கூறுகின்றார். தலைவர்களும் எதிர்பார்த்த அதிகாரத்தைப் பெறவில்லை. உயிரோடிருந்தபோது சுமையாயிருந்த மன்னன், இறந்தபின் அந்நிய ஆட்சிக்கெதிரான அடையாளமானான். அவனைப் புனிதனாக அறிவித்தவர் அதே கிரிம்கெல். 1035இல் ஓலாவின் மகன் மக்னுசை ருஸ் நாட்டிலிருந்து அழைத்துவந்தோருள் கால்வ் ஆர்னெசனும் ஒருவன். ஸ்திக்லஸ்தாட்டில் அவன் ஓலாவுக்கு எதிராகப் படைநடத்தியவன்.

நிடரோஸ் பேராலயத்தில் ஓலாவின் உடல் வைக்கப்பட்ட வெள்ளிப்பேழை, 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தின்போது டென்மார்க் அரசினால் கோபன்ஹேகனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு உருக்கப்பட்டது.