திருவிதாங்கூர் வமிசமும் அதன் பட்டங்களும்

பட்டங்களைக் கண்டு வியப்பது மக்கள் இயல்பு. கானிங் பிரபு, கர்ஸன் பிரபு என்று பள்ளிப் பாடங்களில் படித்த பெயர்கள் நம்மில் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். தமிழில் நாம் எல்லோரையும் ‘பிரபு’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். இங்கிலாந்திலோ அச்சொல்லுக்குள் டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என ஐந்து படிகள் உள்ளன. இவை அரசர் அளிப்பவை. பெரும்பாலும் தந்தைக்குப்பின் மூத்த மகனைச் சேர்பவை. மகன் இல்லாவிடில் பட்டம் எழுதிக் கொடுக்கப்பட்ட விதிப்படி ஆண்வழி உறவினர் ஒருவரைச் சேரும். அவரும் இல்லாவிடில் பட்டம் அற்றுப்போகும். பெண்மக்கள் எத்தனைபேர் இருந்தாலும் பொதுவாக அவர்களுக்கு அதில் இடமில்லை.

பிழைப்பை நாடி நாம் வந்து குடியேறிய இத்திருவனந்தபுரத்திலும் ஓர் அரச வமிசம் உண்டு. அதன் முறை இதற்கு முற்றிலும் மாறானது. “மகாராஜாவின் மகன் ஏன் மகாராஜா ஆகவில்லை?” என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்ல முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அடியேன் சரித்திரப் பேராசிரியன் அல்லேன். ரயில்வே அலுவலகத்தில் எழுத்துப் பணி புரிபவன். எனினும் நாம் வாழும் ஊரின் வரலாற்றை நாமே அறிந்து கொள்ளாவிடில் வேறு யார் நமக்குச் சொல்லப் போகிறார்கள்?

வேணாடும் தமிழகமும்

திருவிதாங்கூருக்கு முன்னோடி வேணாடு. அதன் அரசர் அய்யனடிகள் திருவடிகள் கி.பி. 849ஆம் ஆண்டு கொல்லத்துக் கிறிஸ்தவப் பள்ளிக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு இன்றும் உள்ளது. அது வட்டெழுத்தில் அமைந்தது. அக்காலத்தில் வேணாட்டார் சேரப் பெருமாளுக்கு அடங்கிய சிற்றரசர்.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டிய நாடு உட்பூசலாலும் வடக்கிலிருந்து வந்த படையெடுப்பாலும் நிலைகுலைந்தது. அப்போது வேணாட்டு ரவிவர்ம குலசேகரர் படையுடன் வடக்கே சென்று, காஞ்சியில் வேகவதி ஆற்றங்கரையில் முடிசூடிக் கொண்டார். ஆகவே இவ்வமிசத்தின் கதையை மலையாள நாட்டுக் கதை என்று மட்டும் எண்ணி நாம் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. பிற்கால மன்னர் ஒவ்வொருவரும் தாங்கிய ‘குலசேகரப் பெருமாள்’ என்னும் பட்டமும் சேரர் மரபை நினைவூட்டுவதே.

பழைய நாளில் இக்குடும்பத்தின் தலைவர்கள் சிறவாய் மூப்பர், திருப்பாப்பூர் மூப்பர் என்று அழைக்கப்பட்டனர். பின்னவர்க்குப் பத்மநாப சுவாமி கோயிலின் மேற்பார்வை உரியது. ‘மூப்பர்’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். குடும்பத்து ஆண்களுள் வயதில் மூத்தவர் தலைவர் ஆனார். நம் அலுவலகங்களில் மூப்புப் பட்டியல் ஒட்டுகிறார்களே, ஏறக்குறைய அம்முறைதான்.

தாய்வழி

இக்குடும்பம் தொடர்ந்தது தாய்வழியில். அரசருக்குப்பின் அவருடைய தம்பியோ, சகோதரியின் மகனோ பட்டம் பெற்றார். வமிசத்தின் வேர் அரசரிடம் இல்லை. ஆற்றிங்கல் ராணியர் எனப்பட்ட அவருடைய சகோதரியரிடமும் மருமகளிரிடமும் இருந்தது. அவர்களை மணந்த கோயித்தம்புரான்மார் கிளிமானூர் முதலிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அரசனுக்குத் தந்தையாக இருந்தும் அவர்கள் அரசராவதில்லை. அரசரின் சொந்தப் புதல்வர்க்குத் ‘தம்பி’ என்றும் புதல்வியர்க்குத் ‘தங்கச்சி’ என்றும் பெயர். செல்வமும் கௌரவமும் உண்டு. சிம்மாசனம் மட்டும் இல்லை.

ஏட்டில் எளிதாகத் தோன்றும் இவ்விதி ஒருமுறை இரத்தத்தால் எழுதப்பட்டது. 1729இல் மார்த்தாண்ட வர்மர் பட்டத்துக்கு வந்தபோது, முந்தைய அரசர் ராமவர்மரின் புதல்வர்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் தந்தையின் அரசு தமக்கே உரியது என்று கிளம்பினர். எட்டுவீட்டுப் பிள்ளைமார் அவர்களுக்குத் துணை நின்றனர். முடிவில் தம்பியர் இருவரும் கொல்லப்பட்டனர்; பிள்ளைமாரின் குடும்பங்கள் அழிக்கப்பட்டன. சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் நாவல் இப்பூசலை வைத்தே புனையப்பட்டது. எந்த வமிசத்தின் விதியும் பட்டியலில் காண்பதுபோல் அமைதியானது அன்று.

உடைவாளைச் சமர்ப்பித்தல்

மார்த்தாண்ட வர்மர் 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றார். கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை முதலிய நாடுகளை ஒவ்வொன்றாகத் தம் ஆட்சியில் சேர்த்தார். பின்னர் 1750 ஜனவரியில், கொல்லம் ஆண்டு 925 மகரம் 5ஆம் நாள், தாம் வென்ற நாடு முழுவதையும் பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்து, உடைவாளையும் சந்நிதியில் சமர்ப்பித்தார். இது திருப்படி தானம் எனப்படும். அன்றுமுதல் அரசர் ‘பத்மநாப தாசன்’ ஆனார். நாடு இறைவனுடையது, ஆள்பவர் அவனுடைய ஊழியர்.

இதில் பக்தி மட்டுமன்றி அரசியல் நுட்பமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. புதிதாக வென்ற நாட்டில் அரசரை எதிர்த்தால் அது கலகம். இறைவனுடைய நாட்டில் எதிர்த்தால் அது பாவமும் ஆகும். ஆயினும் ஒன்று வியப்புக்குரியது. வெற்றியின் உச்சியில் நின்றவர் தமக்குச் சூட்டிக் கொண்ட பட்டம் ‘தாசன்’ என்பதே.

நீண்ட பெயரின் பொருள்

பிற்காலத்து மகாராஜாவின் முழுப் பட்டம் வருமாறு: ஸ்ரீ பத்மநாபதாச வஞ்சிபால ராமவர்ம குலசேகர கிரீடபதி மன்னே சுல்தான் மகாராஜ ராஜராமராஜ பகதூர் ஷம்ஷேர் ஜங்.

இதனைப் பிரித்துப் பார்த்தால் தென்னாட்டுச் சரித்திரமே அடுக்கடுக்காகத் தெரியும். வஞ்சி என்பது சேரர் தலைநகர். வஞ்சிபாலன் அதனைக் காப்பவன். சுல்தான் என்பது அரபுச் சொல். பகதூர் என்றால் வீரன். ஷம்ஷேர் ஜங் என்றால் போர்வாள். இவை முகலாயர், நவாபுகள் காலத்துச் சொற்கள். ‘மகாராஜா’ என்னும் பட்டத்தை ஆங்கில அரசு 1866இல், ஆயில்யம் திருநாள் காலத்தில், முறைப்படி அளித்தது. அப்போது திவானாக இருந்தவர் நம் தஞ்சைத் தரணியின் டி. மாதவராவ். 1861இல் ஏற்பட்ட ‘இந்திய நட்சத்திரம்’ என்னும் விருது வரிசையிலும் மன்னர்களுக்கு இடம் கிடைத்தது; பெயருக்குமுன் ‘சர்’ சேர்ந்தது. பீரங்கி மரியாதை 19 குண்டுகள் என்று வகுக்கப்பட்டது.

இத்தனை பட்டங்கள் இருந்தும், மக்கள் தம் மன்னரைப் பிறந்த நட்சத்திரத்தின் பெயராலேயே அழைத்தனர். சுவாதித் திருநாள், மூலம் திருநாள், சித்திரைத் திருநாள் என்பவை அத்தகையவை. கீர்த்தனைகளால் நம் வீடுகளிலும் வாழும் சுவாதித் திருநாள், 1813இல் தாய் கௌரி லட்சுமிபாய் ஆண்டு வந்த காலத்திலேயே பிறந்தவர். பிறக்கும் முன்பே அரசுக்கு உரியவர் என்பதால் அவரைக் ‘கர்ப்ப ஸ்ரீமான்’ என்பர். அவர் 1829இல் ஆட்சியை ஏற்கும்வரை தாயும், தாய்க்குப்பின் சிற்றன்னை கௌரி பார்வதிபாயும் நாட்டை நடத்தினர்.

வாரிசு இல்லாத வீடுகள்

பிள்ளைப்பேறு இல்லாமை எந்த வமிசத்துக்கும் பெரிய சோதனை. 1855இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண்மகவின்றி இறந்தார். அவருக்குப் பெண்மக்கள் இருந்தும், கிழக்கிந்தியக் கம்பெனி அவர்கள் உரிமையை ஏற்கவில்லை. அரச பட்டம் அத்துடன் முடிந்தது. திருவிதாங்கூரில் அஞ்சத்தக்கது ஆண்மகவு இன்மை அன்று, பெண்மகவு இன்மை. ஆகவே 1857இல் மாவேலிக்கரைக் குடும்பத்திலிருந்து இரு பெண்கள் தத்தெடுக்கப்பட்டனர். தஞ்சையில் பட்டம் மறைந்த இரண்டே ஆண்டுகளில் இங்கு வமிசம் தழைக்க வழி பிறந்தது.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவரான ராணி லட்சுமிபாய்க்கும் மக்கட்பேறு இல்லை. 1900இல் மீண்டும் இரு சிறுமியர் தத்தெடுக்கப்பட்டனர். சேது லட்சுமிபாய்க்கு அப்போது ஐந்து வயதுகூட நிறைந்திருந்தால் அதிகம்; சேது பார்வதிபாய் இன்னும் இளையவர். இருவரும் ஓவியர் ராஜா ரவிவர்மாவின் மகள் வயிற்றுப் பேத்திகள். நம் வீட்டுப் பூஜை அறைகளில் இலட்சுமியையும் சரஸ்வதியையும் அச்சுப்படங்களாகக் கொணர்ந்த அப்பெரியாரின் வழியிலேயே திருவிதாங்கூரின் கடைசி மகாராஜாவும் தோன்றினார்.

அதே 1900ஆம் ஆண்டில் வைசிராய் கர்ஸன் பிரபு திருவிதாங்கூருக்கு வந்து இதன் இயற்கை அழகைப் புகழ்ந்து பேசினார். அவருடைய குடும்பக் கதை நமக்கு நல்ல ஒப்புமை. டெர்பிஷயரில் கெடில்ஸ்டன் அவர்கள் ஊர். அங்குள்ள மாளிகையை மாதிரியாகக் கொண்டே கல்கத்தாவின் கவர்னர் ஜெனரல் மாளிகை கட்டப்பட்டிருந்தது. கர்ஸன் 1898இல் பாரன், 1911இல் ஏர்ல், 1921இல் மார்க்விஸ் எனப் படிப்படியாக உயர்ந்தார். ஆனால் அவருக்குப் பிறந்தவர் மூவரும் பெண்கள். 1925இல் அவர் இறந்ததும் மார்க்விஸ் பட்டமும் ஏர்ல் பட்டமும் அவருடனேயே மறைந்தன. ஸ்கார்ஸ்டேல் வைகவுண்ட் பட்டம் உடன்பிறந்தான் மகனைச் சேர்ந்தது. ரேவன்ஸ்டேல் பாரன் பட்டம் மட்டும், முன்கூட்டியே எழுதி வைத்த தனி விதியால், மூத்த மகள் ஐரீனுக்குக் கிடைத்தது.

அவர் இறந்த அவ்வாண்டில் திருவிதாங்கூரை ஆண்டு கொண்டிருந்தவர் யார்? 1900இல் தத்து வந்த சிறுமியான சேது லட்சுமிபாயே. 1924இல் மூலம் திருநாள் மறைந்தபோது, சேது பார்வதிபாயின் மகன் சித்திரைத் திருநாளுக்கு வயது பன்னிரண்டு நிறையவில்லை. 1931வரை மகாராணியே ஆட்சி நடத்தினார். இங்கிலாந்தில் மகள்கள் இருந்தும் பட்டம் மறைந்தது. இங்கு பிறர் வீட்டு மகள்களால் வமிசம் பிழைத்தது. அரசர் பட்டியலில் இப்பெண்மணிகளின் பெயர்கள் அருகியே காணப்படும். அவர்கள் இல்லாவிடில் அப்பட்டியலே இல்லை.

எது நின்றது?

1936 நவம்பர் 12ஆம் நாள் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். இறைவனின் தாசன் என்று அரசர் சொல்லிக் கொண்ட 186 ஆண்டுகள், அவ்விறைவனின் குடிகளுள் பெரும்பகுதியினர் கோயில் வாயிலுக்குள் நுழைய இயலாதிருந்தனர். ‘தாசன்’ என்னும் பட்டத்தின் பொருள் அன்றுதான் ஒருவாறு நிறைவு பெற்றது எனலாம்.

அதன்பின் பட்டங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 1949 ஜூலை 1இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. மகாராஜா ராஜப்பிரமுகர் ஆனார். 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அப்பதவியும் முடிந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தன. 1971இல் அரசியல் சட்டத்தின் 26ஆம் திருத்தம் மன்னர் என்னும் அங்கீகாரத்தையும் மானியத்தையும் நீக்கியது. கேரளத்தில் மருமக்கத்தாயக் கூட்டுக் குடும்ப முறையும் 1976 டிசம்பர் முதல் சட்டப்படி ஒழிந்தது. இங்கிலாந்திலும் 1999ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களுள் பெரும்பாலோரைப் பிரபுக்கள் சபையிலிருந்து வெளியேற்றியது.

சித்திரைத் திருநாள் 1991இலும், அவர் தம்பி உத்திராடம் திருநாள் 2013இலும் மறைந்தனர். 2011இல் கோயில் நிலவறைகள் திறக்கப்பட்டபோது உலகமே வியந்தது. அரசரே இல்லாத காலத்தில் கோயிலை மேற்பார்க்கும் உரிமை யாருக்கு என்னும் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2020 ஜூலை 13ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அரச பதவி போனாலும் கோயிலைப் பேணும் பொறுப்பு மரபுப்படி குடும்பத்தில் தொடரும் என்றும், நிர்வாகத்தை மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு நடத்தும் என்றும் அமைந்தது. சுல்தான், பகதூர், மகாராஜா, சர் ஆகிய பிறர் அளித்தவை யாவும் சட்டத்தின் முன் உதிர்ந்தன. தாமே ஏற்றுக் கொண்ட தாசன் என்பது மட்டும் நின்றது. அதற்கு மட்டுமே செய்ய வேண்டிய வேலை ஒன்று மீதமிருந்தது.

ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னூற்று நங்கையும் தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டுத் திருவனந்தபுரம் வருகின்றனர். அச்சரஸ்வதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது வழிவழி வரும் செய்தி. மாநில எல்லையைக் கடந்து இன்றும் நடைபெறும் அவ்வூர்வலத்தைக் காண நம் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். போகும் வழியில் இவ்வமிசத்தின் கதையையும் சொல்வோம். வெளியூரில் வாழும் நமக்கும் நம் பெற்றோர் தந்த பெயர் ஒன்று உண்டு. அப்பெயர் நிற்பதும் அதற்குரிய கடமையை நாம் செய்யும் அளவுக்கே என்பதை அவர்கள் அறிந்து கொள்ளட்டும்.